சுருதி தெரிந்த காதுக்கு ஓமும் வாட்டும் பெரிய விஷயமா?

வாசகி கேள்வி

அக்கா, எனக்கு வயது 44. திண்டுக்கல்லில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அப்பா தபால் துறையில் இருந்தவர். சாப்பாட்டுக்கு அடுத்தபடி அவருக்குப் பாட்டுதான். ரெக்கார்டைச் சுழற்றும் ஒரு கேரார்ட் டெக், சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய ஆம்பிளிஃபயர், ஆளுயரத்தில் பாதி இருக்கும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், 140 எல்.பி. ரெக்கார்டு. போன புரட்டாசியில் அப்பா தவறிவிட்டார். எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடலாம் என்றார் அண்ணன். நான் ஆட்டோ வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒருமுறை பிளக்கைச் செருகிப் பார்த்தேன். 'உம்ம்' என்று சத்தம் மட்டும் வந்தது. பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

புது செட்டாவது பார்ப்போம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனோம். கேள்வி கேட்டது நான், பதில் சொன்னதெல்லாம் என் கணவரிடம். கடைசியில் ரோஸ் கலர் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்து, "மேடத்துக்கு இது போதும் சார்" என்றார்கள். சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. நகையாக வாங்கிப் போடச் சொல்கிறார் நாத்தனார். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்கிறார் கணவர். கோபமாக இல்லை, சும்மாதான் கேட்கிறார். ஓம், வாட் எதுவும் எனக்குப் புரியவில்லை. சின்ன வயதில் ஏழு வருஷம் வீணை கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வருமா? பெண்கள் யாராவது இதைச் செய்கிறார்களா?

ஆலோசனை: ஆடியோ சர்வீஸ் டெக்னீஷியன், சென்னை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு வேலை. அந்த ஆம்பிளிஃபயரை மறுபடி பிளக்கில் செருகாதீர்கள். நீங்கள் பயந்து அணைத்தது சரியான காரியம். அந்த 'உம்ம்' பெரும்பாலும் உள்ளே இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனதன் அடையாளம். கரண்டை வடிகட்டி ஒரே சீராகக் கொடுக்க வேண்டிய பாகம் அது. வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் தன் வேலையை மறந்துவிடும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் டிரான்ஸ்பார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து போகலாம். கெப்பாசிட்டர் சில நூறு ரூபாய் விஷயம். அப்பாவின் ஸ்பீக்கர் போய்விட்டால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது.

அடுத்து, உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. ஏழு வருஷம் வீணை, 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, இந்தப் பொழுதுபோக்கில் பல பேர் லட்சக்கணக்கில் செலவு செய்து தேடிக்கொண்டிருப்பதை நீங்கள் ஏழு வருஷம் உட்கார்ந்து சம்பாதித்து வைத்திருக்கிறீர்கள்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மயிலாப்பூரிலிருந்து ஒரு தம்பதி டெக் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சார் ரொம்ப விவரமானவர். எந்த வருஷ மாடல், என்ன மோட்டார் எல்லாம் விரல் நுனியில். "எல்லாம் நல்லா இருக்கு, சும்மா ஒரு சர்வீஸ் பண்ணிக் கொடுங்க" என்றார். அந்த அம்மா வீணை டீச்சர். அதுவரை பேசாமல் இருந்தவர், "தம்புரா சுருதி நடுங்குதும்மா" என்றார். சார் சிரித்தார். நானும் முதலில் கேட்டுப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா விடவில்லை. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஊசியை வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கும்போதெல்லாம் விரலை அசைத்துக் காட்டினார். தட்டைக் கழற்றினேன். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் சுற்றும் ரப்பர் சக்கரத்தின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு இடம் தட்டையாகியிருந்தது. ஓடாமல் பல மாதம் மோட்டாரோடு ஒட்டியே நின்றிருந்ததால் வந்த தழும்பு. சக்கரத்தை மாற்றினேன். அந்த அம்மா இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "இப்ப சேர்ந்துருச்சு" என்றார்.

இதற்குக் கணக்கும் உண்டு. டெக் ஓடும் வேகம் 6 சதவீதம் தவறினால் அரை சுரம் அளவுக்கு சுருதி மாறிவிடும். 1 சதவீதம் தவறினாலே தம்புரா சேர்த்துப் பழகிய காதுக்கு உறுத்தும். விலை உயர்ந்த மெஷின் வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு அந்த 1 சதவீதம் தெரியாது. இன்னொன்று, வயது ஏற ஏறக் கீச்சென்ற மேல் ஒலிகள் கேட்பது எல்லாருக்கும் குறையும். பொதுவாக அது ஆண்களுக்கு முன்னதாகவும் அதிகமாகவும் குறைகிறது. ஆகவே நல்ல ஒலியைக் கேட்டுச் சொல்லும் தகுதி யாருக்கு என்று எவராவது பேச்செடுத்தால், நீங்கள் பின்வரிசைக்குப் போக வேண்டியதில்லை.

பெண்கள் யாராவது செய்கிறார்களா என்று கேட்டீர்கள். துல்லியமான ஒலியைத் தேடும் ஹை-ஃபை ரசிகர்கள் உலகம் முழுக்கத் தேடித் தேடி வாங்கும் பழைய ரெக்கார்டு வரிசைகளில் ஒன்று, அமெரிக்காவின் மெர்குரி நிறுவனம் வெளியிட்ட 'லிவிங் பிரசன்ஸ்'. ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் மூன்றே மூன்று மைக்குகளைத் தொங்கவிட்டு ஸ்டீரியோ பதிவு செய்தார்கள். ஸ்பீக்கர் பரிசோதனைக்கு இன்றும் அவற்றைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த வரிசையின் தயாரிப்பாளர் வில்மா கோசார்ட் ஃபைன் என்ற பெண்மணி. காரியதரிசியாக வேலையைத் தொடங்கி அந்த நிறுவனத்தின் துணைத் தலைவராக உயர்ந்தவர். 1964-ல் பிள்ளைகளுக்காக வேலையை விட்டார். அந்தப் பதிவுகள் சி.டி.யாக வர வேண்டிய காலம் வந்தபோது, மூல டேப்பில் என்ன இருந்தது என்பது அவர் காதுக்குத்தான் தெரியும் என்று அவரையே கூப்பிட்டார்கள். 1990-களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தார். அந்த ரெக்கார்டுகளைப் புகழ்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இங்கிலாந்தில் டெலியா டெர்பிஷயர் 1959-ல் டெக்கா ரெக்கார்டு கம்பெனியிடம் வேலை கேட்டார். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பெண்களை எடுப்பதில்லை என்று பதில் வந்தது. அப்புறம் பி.பி.சி.யில் சேர்ந்து, டேப்பைப் பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியே அதுவரை யாரும் கேட்டிராத ஒலிகளைச் செய்து காட்டினார்.

என் கதையும் இதில் ஒரு துளிதான். டிப்ளமோ முடித்துவிட்டு நான் முதலில் சேர்ந்த சர்வீஸ் சென்டரில், "நீ கவுன்டர்ல பில்லு போடும்மா, சோல்டரிங் எல்லாம் பசங்க பாத்துப்பாங்க" என்றார்கள். எட்டு மாதம் பில் போட்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில், தூக்கிப் போட்ட போர்டுகளை எடுத்து வைத்துச் சூடு போட்டுப் பழகினேன். இப்போது 24 வருஷமாக என் மேஜை எனக்கு. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து "டெக்னீஷியன் இல்லையா மேடம்?" என்பார்கள். ஆகவே அந்த ஷோரூமில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்க ஹை-ஃபை பத்திரிகைகளில் 1980-களிலிருந்தே 'ஒய்ஃப் அக்செப்டன்ஸ் ஃபேக்டர்' என்று ஒரு சொல் உண்டு. இந்தப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போனால் மனைவி ஒத்துக்கொள்வாளா என்ற கணக்கு. வாங்குகிறவன் ஆண், தடை சொல்கிறவள் பெண் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த ரோஸ் கலர் ஸ்பீக்கர் உங்கள் முன்னால் வந்ததும் அதே கணக்கில்தான். அந்தத் தப்பு உங்களுடையது இல்லை.

சரி, இனி உங்கள் வீட்டு சாமான்களுக்கு வருவோம்.

ஆம்பிளிஃபயரைச் சரிபார்க்க வருகிறவரிடம் "சீரீஸ் லேம்ப் போட்டுப் பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். மெயின் லைனில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கோத்து, அதன் வழியாகக் கரண்டை உள்ளே விடுவது. பழைய டங்ஸ்டன் இழை பல்புதான் வேண்டும், எல்.இ.டி. ஆகாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால், உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் எங்கோ ஷார்ட். அப்படி இருந்தாலும் மீதிக் கரண்டைப் பல்பு தாங்கிக்கொள்ளும், செட் தப்பிக்கும். நான் இன்றுவரை எந்தப் பழைய செட்டையும் நேரடியாகப் பிளக்கில் செருகுவதில்லை. அந்தக் கேள்விக்கு முழிக்கிற ஆளிடம் அப்பாவின் செட்டைக் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். உட்காரக் கூடாது என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

டெக்கில் கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துப் புது எண்ணெய் விட வேண்டும். ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் மாற்ற வேண்டும். இதெல்லாம் ஆறப்போட்டுச் செய்யலாம். ஆனால் ஊசி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பழைய ஊசியில் ஒரு ரெக்கார்டைக் கூடப் போட வேண்டாம். தேய்ந்த ஊசி உளி மாதிரி, பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும். ஒருமுறை செதுக்கினது செதுக்கினதுதான். ஊசியைத் தாங்கும் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் என்றால் 5 கிராம், அதற்கு மேலும் எடை வைத்து அழுத்தும். இப்போது கிடைக்கும் சாதாரண மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஆம்பிளிஃபயரில் அதற்குத் தக்க ஃபோனோ இன்புட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் கையடக்கமான ஃபோனோ பிரீஆம்ப் ஒன்று தனியாக வாங்கினால் போதும். 140 ரெக்கார்டில் உங்கள் அப்பாவின் கைரேகை இருக்கிறது. அவற்றைக் காப்பாற்றுவதற்கான முதல் செலவு ஊசிதான்.

ஸ்பீக்கருக்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, நீங்களே செய்யலாம். முன்பக்கத் துணியைக் கழற்றிவிட்டு, அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான பெரிய கோனின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். ஓரம் ரப்பரோ துணியோ என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஃபோம் என்றால் கைபட்டதும் உதிரும். உதிர்ந்தால் கவலை வேண்டாம், ஓரத்தை மட்டும் புதிதாக ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஸ்பீக்கர் வயரை ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொடுங்கள். 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் வயரின் பிளஸ்ஸை பேட்டரியின் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஒரு பெட்டியில் வெளியே வந்து இன்னொன்றில் உள்ளே போனால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்தின் கனத்த ஒலி, காணாமல் போய்விடும். அந்தக் கோன் உங்கள் கைக்குக் கட்டுப்பட்டு முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கும் நொடியில், இது யாரோ ஒருவருடைய மெஷின் என்ற எண்ணம் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது.

ஓம், வாட் பற்றிக் கொஞ்சம். ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருந்தால், 8 ஓமுக்குச் செய்த ஆம்பிளிஃபயரோடு சேர்க்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் அதிகக் கரண்டை இழுக்கும், ஆம்பிளிஃபயர் தாங்குமா என்று கேட்டுவிட்டுச் சேர்க்க வேண்டும். இப்போதைக்கு இது போதும். வாட் என்பது ஆம்பிளிஃபயர் தரும் சக்தி. அதில் ஏமாறாதீர்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். உங்கள் ஹாலுக்கு நல்ல 30 வாட்டே தாராளம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுங்கள், அது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சக் கணக்கு. கேட்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட். ஸ்பீக்கர் வயருக்குத் தங்கமுலாம் எல்லாம் தேவையில்லை. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பியே நான்கைந்து மீட்டருக்குப் போதும். என் வீட்டிலும் அதுதான்.

இவ்வளவையும் விட ஒலியை அதிகம் மாற்றுவது உங்கள் ஹால். நம் ஊர் வீடு என்றால் மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், நாலு பக்கமும் சிமென்ட் சுவர். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். தட்டின பிறகும் 'கிர்ர்' என்று ஒரு வால் தொங்கினால், பாடுகிறவரின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அந்த வால் தொங்கும். உடனே ஆயிரக்கணக்கில் ஃபோம் பலகை வாங்கிவிட வேண்டாம். ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே, தரையில் பவானி ஜமக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள். கோரைப்பாய் அதற்கு உதவாது, மெல்லிசு. எதிர்ச் சுவரில் கனமான திரை அல்லது புத்தக அலமாரி. மறுபடி தட்டிப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கணவருக்கே கேட்கும். ஸ்டீல் பீரோ அதே ஹாலில் இருந்தால் அதன் கதவு அதிரும். மடித்த துணி ஒன்றை இடுக்கில் செருகுங்கள்.

ஸ்பீக்கர்களை மூலையில் தள்ளாதீர்கள், சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் இருக்கட்டும். ஒரு நூல்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையிலான தூரத்துக்கு நூலை வெட்டி, அதே நூலால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உங்கள் தலை வரும் இடத்தை அளந்து நாற்காலியைப் போடுங்கள். முக்கோணம் சரியாக அமைந்தால் பாடகியின் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்கும். வலது பக்கம் வயலின், இடது பக்கம் மிருதங்கம் என்று பதிவு செய்தவர் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். ஸ்டீரியோ ரெக்கார்டு ஒன்றில் கேட்டுப் பாருங்கள். பழைய மோனோ ரெக்கார்டு என்றால் எல்லாருமே நடுவில்தான் இருப்பார்கள், அது கோளாறு இல்லை.

எப்போதாவது புது ஸ்பீக்கர் வாங்கத் தோன்றினால், கடைக்கு உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளோடு போங்கள். ஒன்றிலாவது வீணை இருக்கட்டும், மீட்டினதும் தந்தி எப்படி அடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாஸ், டிரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தெரியும், அது கடைக்காரருக்கும் தெரியும். பதில் உங்கள் கணவரைப் பார்த்து வந்தால், "கேட்கப்போறது நான், என்கிட்ட சொல்லுங்க" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அன்றைக்கே பணம் கட்ட வேண்டாம்.

பணத்துக்கு வருகிறேன். 60,000-ஐயும் இதில் போடச் சொல்ல மாட்டேன். செட் சர்வீஸ், கார்ட்ரிட்ஜ், பிரீஆம்ப், ஜமக்காளம் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 15,000 முதல் 20,000 வரை. அதோடு ஆறு மாதம் நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்கக் கேட்கத்தான் எது குறைகிறது என்று தெரியும், அப்போது அதற்கு மட்டும் செலவு செய்யலாம். மீதியில் நாத்தனார் சொல்கிறபடி நகை வாங்கினாலும் நல்லதுதான். தவணையில் மட்டும் எதையும் வாங்காதீர்கள். ஆனால் இந்த 20,000-க்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். மாதா மாதம் சீட்டுக் கட்டினது நீங்கள். அண்ணன் புது பைக் வாங்கினால் "இந்த வயசுல எதுக்கு" என்று யாராவது கேட்பார்களா?

கணவரிடம் வாதம் வேண்டாம். அவர் சும்மாதான் கேட்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செட் தயாரான அன்று சாயங்காலம், டி.வி.யை அணைத்துவிட்டு, அந்த நூல் அளந்த நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். அவருக்குப் பிடித்த பாட்டாக இருக்கட்டும், உங்களுக்குப் பிடித்ததாக வேண்டாம். பேசாமல் ஒரு பக்கம் முழுக்க ஓடட்டும். ரெக்கார்டைத் திருப்பிப் போடுவது மட்டும் உங்கள் கையாக இருக்கட்டும்.

இப்போதைக்கு எனக்கு மூன்று படங்கள் வேண்டும். ஆம்பிளிஃபயரின் பின்பக்கம், எழுத்துகள் தெரியும்படி. டெக்கின் கையைத் தூக்கி, கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கம். ஸ்பீக்கரின் கோன், துணி இல்லாமல். பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். ரெக்கார்டுகளை அடுக்கிப் படுக்க வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள், பாரத்தில் வளைந்துவிடும். ஜன்னல் பக்கம் வேண்டாம், திண்டுக்கல் வெயில் பொல்லாதது.

அன்புடன்,
அக்கா